வெள்ளிக்கிழமைகளில் தொலைந்த சங்கிலிகள்

இந்தச் சம்பவம் நடந்த காலத்தில் துறையில் என் நிலை என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுவது முறை. நான் பட்டதாரி. ஐம்பதுகளில் சிங்கப்பூர்க் காவல் பணியில் பட்டதாரிகள் அரிது. தமிழ்ப் பட்டதாரிகள் இன்னும் அரிது. நேரடியாக இன்ஸ்பெக்டர் பதவியில் சேர்ந்தேன். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில், சிராங்கூன் சாலையையும் அதைச் சுற்றிய தெருக்களையும் உள்ளடக்கிய எங்கள் வட்டாரத்தின் ஆண்டறிக்கையை எழுதும் பொறுப்பு தொடர்ந்து என்னிடமே இருந்தது. நான் எழுதிக் கொடுத்ததில் மேலதிகாரிகள் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேனா என்று உங்களில் எவரேனும் கேட்டால், ஆம், பெருமைக்காகவும்தான்.

பணியில் புதிதாகச் சேர்ந்த சிலர் அண்மையில் என்னைச் சந்தித்தபோது, பழைய ஆண்டறிக்கைகளில் உள்ள எண்ணிக்கைகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்டார்கள். மரியாதையுடன் கேட்கப்பட்ட கேள்விதான். ஆயினும் அன்று நான் சற்றுக் கடுமையாகப் பதில் சொல்லிவிட்டேன். அமைதியாகச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

வேலைநிறுத்தம், கலவரம், ஆள்கடத்தல், இரகசியக் கும்பல்களின் மோதல் ஆகியவை அன்றைய நாளேடுகளின் முதல் பக்கத்தில் வந்தன. ஆண்டறிக்கையிலும் அவற்றுக்கு முன்பகுதியில் இடம் உண்டு. வழிப்பறிக்கு அரைப் பக்கம்தான் கொடுப்போம். ஆனால் எந்தத் தெருவில் எத்தனை பேர் ரோந்து போக வேண்டும் என்பதை அந்த அரைப் பக்கம்தான் தீர்மானித்தது. அந்த அரைப் பக்கத்தை எழுதியவன் நான்.

அறிக்கை எழுத எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு தலைமை எழுத்தர். சீனர். அவர் பெயர் இங்கே வேண்டியதில்லை; அவரே அதை விரும்பியிருக்க மாட்டார். நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு திரையரங்கைச் சுற்றி சைக்கிள்கள் காணாமற்போய்க்கொண்டிருந்தன. நான் சைக்கிள்களை வகைவாரியாகப் பிரித்து, விலைவாரியாகப் பிரித்து, அழகான அட்டவணை ஒன்று தயாரித்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "எத்தனை சைக்கிள் என்று எதற்குப் பார்க்கிறீர்கள்? எந்தக் கிழமை என்று பாருங்கள்" என்றார். பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே சனிக்கிழமை மாலை. அந்நேரத்தில் எங்கள் ஆட்கள் கால்பந்தாட்டத் திடலின் கூட்டத்தைக் கவனிக்கப் போய்விடுவார்கள். சைக்கிள் திருடனுக்கு எங்கள் பணி நேரம் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. திரையரங்கு வாசலில் ஒரே ஒரு காவலரை நிறுத்தினோம், திருட்டு நின்றது. அதற்கான பாராட்டு எனக்குக் கிடைத்தது. எழுத்தருக்குக் கிடைக்கவில்லை. நானும் அதைத் திருத்தவில்லை.

இனி அந்த ஆண்டுக்கு வருகிறேன்.

சிராங்கூன் சாலையில் உள்ள தேக்கா சந்தைக்குப் பின்னால் இரண்டு குறுகிய சந்துகள் உண்டு. முந்தைய ஆண்டில் அங்கே கைப்பைப் பறிப்பும் கைக்கடிகாரப் பறிப்பும் மிகுந்திருந்ததால், இரண்டு காவலர்களை அங்கேயே நடைரோந்துக்கு அமர்த்தியிருந்தோம். ஆண்டு முடிவில் நான் குற்றப் பதிவேட்டைத் திறந்தபோது அந்தச் சந்துகளில் பறிப்புப் புகார்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. மகிழ்ச்சியுடன் எழுதினேன்: சிராங்கூன் சாலைப் பகுதியில் வழிப்பறி குறிப்பிடத்தக்க அளவில் குறைந்துள்ளது, இது நடைரோந்தின் நேரடிப் பயன். இரண்டே வாக்கியங்கள். கீழே என் கையொப்பம்.

எங்கள் சூப்பரின்டென்டன்ட் ஆங்கிலேயர். மறுமாதம் ஓய்வுபெற்றுத் தம் நாட்டுக்குப் போகவிருந்தார். அது அவருடைய கடைசி ஆண்டறிக்கை. உயர்பதவிகள் ஒவ்வொன்றாக உள்ளூர்க்காரர்களிடம் வந்துகொண்டிருந்த காலம் அது. போகும் முன் என் பதவி உயர்வுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவதாக அவர் சொல்லியிருந்தார். அது கிடைத்திருந்தால் எங்கள் வட்டாரத்தில் அந்த நிலைக்கு உயர்ந்த முதல் தமிழன் நானாக இருந்திருப்பேன். என் இரண்டு வாக்கியங்களைப் படித்ததும் அவர் சொன்னார்: "வேலை முடிந்த இடத்தில் ஆட்களை ஏன் வைத்திருக்க வேண்டும்? தஞ்சோங் பகாரில் நிலைமை சரியில்லை. அந்த இருவரையும் அங்கே அனுப்பிவிடலாம்." நான் மறுக்கவில்லை. மறுக்கக் காரணமும் தெரியவில்லை. வரும் திங்கட்கிழமை முதல் சந்துகளில் ரோந்து இராது என்று உத்தரவு தயாரானது.

அதற்கு முந்தைய புதன்கிழமை காலை, பெண் காவலர் சரோஜா என் அறைக்கு வந்தார். பணியில் சேர்ந்து இரண்டாண்டுகூட ஆகாதவர். பெண்கள் காவல் பணிக்கு வந்ததே அப்போது புதுமை. பெரும்பாலான அதிகாரிகள் அவர்களைத் தொலைந்த குழந்தைகளுக்குப் பால் வாங்கிக் கொடுக்கும் வேலைக்கே பயன்படுத்தினர். நானும் அவர்களில் ஒருவன்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும்."

"எழுத்தில் கொடுங்கள்."

"எழுதினா நல்லா இருக்காது சார். அதான் வாயால சொல்ல வந்தேன்."

எழுத்தில் தர முடியாத விஷயம் காவல் நிலையத்தில் இருக்க முடியாது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்டார்: "தொலைஞ்ச பொருள் புக்கைப் பார்த்தீங்களா சார்?"

"அது குற்றப் பதிவேடு அல்லவே."

"அதான் சார்."

எனக்கு எரிச்சல் வந்தது. குடை, அடையாள அட்டை, பல் செட்டு ஆகியவை தொலைந்தால் எழுதி வைக்கும் புத்தகம் அது. ஆண்டறிக்கைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

"சங்கிலி தொலைஞ்சிடுச்சுன்னு நம்ம பொம்பளைங்க வர்றாங்க சார். நான் கவுண்டர் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கேன். அவங்க கழுத்தைப் பார்த்தா கோடு கிழிச்ச மாதிரி செவந்திருக்கு. ஒருத்திக்கு ரத்தமே கட்டியிருந்துச்சு. தானா விழுந்த சங்கிலி கழுத்தை அறுக்குமா லா?" சொன்ன வேகத்தில் வந்துவிட்ட சிங்கப்பூர்த் தெருப்பேச்சு 'லா'வுக்காக நாக்கைக் கடித்துக்கொண்டு, "மன்னிக்கணும் சார்" என்றார்.

"பறிக்கப்பட்டிருந்தால் அதைச் சொல்ல வேண்டியதுதானே? யார் தடுத்தது?"

"அது சும்மா சங்கிலி இல்ல சார். அதுல கோத்திருக்கறது..." அவராலும் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அவருக்கு அப்போது திருமணம்கூட ஆகியிருக்கவில்லை.

நான் முடிக்கிறேன். அந்தச் சங்கிலிகளில் கோத்திருந்தது தாலி. தன் தாலியை ஒருவன் அறுத்துக்கொண்டு போனான் என்று எந்தத் தமிழ்ப் பெண்ணும் காவல் நிலையத்தில் பத்துப் பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். கணவன் பக்கத்தில் நிற்கும்போது நிச்சயம் சொல்ல மாட்டாள். அந்தச் சொற்களை உச்சரிப்பதே அவன் உயிருக்குக் கேடு என்று நினைப்பவர்கள். ஆகவே 'சங்கிலி எங்கேயோ விழுந்துவிட்டது' என்பார்கள். அது தொலைந்த பொருளாக எழுதப்படும். சீன அதிகாரிக்கோ ஆங்கிலேய அதிகாரிக்கோ இது தெரியாமல் இருந்தால் குற்றமில்லை. நான் தமிழன்.

கவுண்டரில் புத்தகத்தை எழுதியவர் சார்ஜன்ட் மரைக்காயர். அனுபவசாலி, நேர்மையானவர். அழைத்துக் கேட்டேன்.

"அவங்க விழுந்துச்சுங்கறாங்க, நான் விழுந்துச்சுன்னு எழுதறேன். இதுல என்ன சார் தப்பு?"

"சந்தேகம் வரவில்லையா?"

"வந்துச்சு சார். ஒரு தடவை, 'யாராச்சும் பறிச்சாங்களாம்மா?'ன்னு கேட்டேன். அந்தப் பொம்பளை அழ ஆரம்பிச்சுட்டா. புருஷன் மேசையைத் தாண்டி என் சட்டையைப் பிடிக்க வந்துட்டான். 'நான் உயிரோட நிக்கிறேன், கண்ணு தெரியலையா ஒனக்கு?'ன்னு கத்தறான். அதுக்கப்புறம் யாரையும் கேக்கிறதில்ல."

புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தலைமை எழுத்தர் கற்றுத் தந்தபடி கிழமையைப் பார்த்தேன். தொலைந்த குடைகள் எல்லாக் கிழமைகளிலும் தொலைந்திருந்தன. அடையாள அட்டைகள் எல்லாத் தெருக்களிலும் விழுந்திருந்தன. தமிழ்ப் பெண்களின் சங்கிலிகள் மட்டும் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை காலைகளில், சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த இரண்டு சந்துகளில் விழுந்திருந்தன. தலைக்குக் குளித்து, சங்கிலியை வெளியே தெரியப் போட்டு, கோயிலுக்கும் சந்தைக்கும் பெண்கள் போகும் காலை அது.

கைப்பைகளும் கைக்கடிகாரங்களும் ஏன் பிழைத்தன என்பதும் அப்போது விளங்கியது. கைப்பையைப் பறிகொடுத்தவர் கூச்சலிடுவார், புகார் செய்வார், அடையாளம் காட்டுவார். தாலியைப் பறிகொடுத்தவள் கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவாள். தவிர, திருட்டு நகைகளின் விவரம் வாரந்தோறும் எங்களிடமிருந்து அடகுக் கடைகளுக்குப் போகும். தொலைந்த பொருள்களின் விவரம் போகாது. எனவே அந்தத் தங்கத்தை யாரும் அச்சமின்றி அடகு வைக்கலாம். திருடர்கள் நம் வழக்கத்தை என்னைவிடக் கவனமாகப் படித்திருந்தார்கள். வழிப்பறி குறையவில்லை. எங்கள் பதிவேட்டுக்குள் வராத கழுத்துகளுக்கு மாறியிருந்தது.

அன்று மாலை வீட்டில் என் மனைவியிடம் இதைச் சோதித்துப் பார்க்க எண்ணினேன்.

"ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். உன் கழுத்துச் சங்கிலியை யாராவது..."

"வாயைக் கழுவுங்க முதல்ல! வெளக்கு வெச்ச நேரத்துல என்ன பேச்சு இது?"

"அலுவல் தொடர்பாகக் கேட்கிறேன். ஒருவேளை அப்படி நடந்தால் நீ காவல் நிலையத்துக்கு வருவாயா?"

"நான் ஏன் வரேன்? மஞ்சக் கயித்தை வாங்கிக் கட்டிக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு இருப்பேன். உங்ககிட்டயே சொல்ல மாட்டேன்."

இன்ஸ்பெக்டரின் மனைவி சொன்ன பதில் அது.

இனி எழுதப்போவதைச் சுருக்கமாக எழுதுகிறேன். விரிவாக எழுதினால் அது நியாயம் கற்பிப்பதாகிவிடும். பரிந்துரைக் கடிதம் அடுத்த வாரம் சனிக்கிழமை தலைமையகத்துக்குப் போக வேண்டும். ஆண்டறிக்கை ஏற்கெனவே என் கையொப்பத்துடன் மேலே போயிருந்தது. அதில் நான் தவறு செய்திருக்கிறேன் என்று இப்போது சொன்னால் கடிதம் நிற்கும். முழு விவரத்தையும் சரிபார்த்த பிறகே சொல்வது பொறுப்பான செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரிபார்க்க வேண்டியது எதுவும் இல்லை. புத்தகம் என் மேசை மீதே இருந்தது.

திங்கட்கிழமை காலை, சந்துகளில் நின்ற இரண்டு காவலர்களும் லாரியில் ஏறித் தஞ்சோங் பகார் துறைமுகம் பக்கம் போனார்கள். நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை சரோஜா மறுபடியும் வந்தார்.

"சார், அந்த விஷயம்..."

"ஆவன செய்யப்படும்."

"வெள்ளிக்கிழமை வருது சார்."

"நாட்காட்டி எனக்கும் தெரியும்" என்றேன்.

அவர் சல்யூட் அடித்துவிட்டுப் போய்விட்டார். இத்தனை ஆண்டுகளில் எனக்கு அடிக்கப்பட்ட எத்தனையோ சல்யூட்டுகளில் அந்த ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடிந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை பாக்கியம் என்ற பெண் அந்தச் சந்தின் வழியே வந்தாள். தோசைக்கு மாவாட்டி வீடுகளுக்குக் கொடுத்து வாழ்ந்தவள். கணவர் மாணிக்கம் துறைமுகத்தில் சுமை இறக்குபவர். ரோந்து இருந்த காலத்தில் திருடர்கள் ஓடிவந்து அறுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஒரு கணத்தில் முடிந்துவிடும். அன்று யாரும் காவல் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். நின்று நிதானமாக இழுத்தார்கள். அவள் இரண்டு கைகளாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சிறிது தூரம் இழுபட்டுச் சாக்கடையின் சிமெண்டு விளிம்பில் விழுந்தாள். இடது காறை எலும்பு இரண்டாக முறிந்தது. தோள் மூட்டும் நொறுங்கியது.

செய்தி எனக்கு வந்தபோது மணி பத்து இருக்கும். சரோஜாவை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். பாக்கியத்தின் கழுத்தில் அதற்குள் புது மஞ்சள் கயிறு ஏறியிருந்தது. எக்ஸ்ரே எடுக்க அதைக் கழற்றச் சொன்னார்களாம். உயிர் போனாலும் கழற்றமாட்டேன் என்றாளாம். கயிற்றோடே எடுத்திருந்தார்கள். மாணிக்கம் வேலை உடையிலேயே கட்டிலருகே நின்றிருந்தார்.

நான் முறைப்படி தொடங்கினேன்: "உங்கள் நகையைப் பறித்தவர்களை அடையாளம் காட்ட இயலுமா?"

பாக்கியம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மாணிக்கம்தான் பேசினார். "யாரு பறிச்சா? யாரும் பறிக்கல. தடுக்கி விழுந்துட்டா. நீங்க போங்க சார்."

"எலும்பு முறிந்திருக்கிறது."

"விழுந்தா முறியாதா? கப்பல்ல நாங்க தெனம் பாக்கறோம்."

"உண்மையைச் சொன்னால்தான் நடவடிக்கை எடுக்க முடியும்."

"அதான் உண்மை. எழுதிக்கிங்க."

கேட்க வேண்டிய கேள்வியைச் சரியான தமிழில் கேட்டுவிட்டேன்; பதிலும் பெற்றுவிட்டேன். இதை எழுதிக்கொண்டு திரும்பினால் தொலைந்த பொருள் புத்தகத்தில் இன்னொரு வரி சேரும். அப்போது சரோஜா என்னைப் பார்த்து, "சார், நீங்களும் அண்ணனும் கொஞ்சம் திரைக்கு அந்தப் பக்கம் நிக்கிறீங்களா?" என்றார். ஒரு காவலர் ஓர் இன்ஸ்பெக்டரை வெளியே போகச் சொல்வது ஒழுங்குமீறல். நான் போனேன். மாணிக்கத்தையும் அழைத்துக்கொண்டேன். திரைக்கு இப்பால் நாங்கள் இருவரும் தோளோடு தோள் நின்றோம். உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது.

"அக்கா, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். மாவை எடுத்துக்கிட்டு எந்தப் பக்கமா வந்தீங்க?"

"பசார் பின்னால."

"எதிர்ல யாரு வந்தா?"

"ரெண்டு பேரு. ஒருத்தன் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு."

"சைக்கிள் அப்புறம் எந்தப் பக்கம் போச்சு?"

"பஃபளோ ரோடு பக்கம். ரெண்டு பேரும் ஏறிக்கிட்டுப் போனானுங்க. பாவிங்க."

"ஆளு எப்படி இருந்தான்க்கா?"

"பின்னால ஒக்காந்தவனுக்குக் காதுக்குக் கீழ தழும்பு. கிட்டக்கப் பார்த்தேனே. என் மூஞ்சிக்கு நேர வெத்தல வாடை அடிச்சுது."

"அந்த நேரத்துல நீங்க ரெண்டு கையாலயும் எதையோ புடிச்சுக்கிட்டு இருந்தீங்களாமே?"

கட்டில் கிறீச்சிட்டது; அவள் சரோஜா பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

"புடிச்சுக்கிட்டேதான் இருந்தேன், தங்கச்சி. நானா விடல. கை முறிஞ்சப்புறம்தான் போச்சு. அதை அவருகிட்ட சொல்லிடு. நானா விடல."

என் பக்கத்தில் நின்ற மாணிக்கம் நல்ல உயரமான ஆள். மூட்டை தூக்கித் தூக்கித் தோள் கல்லாகியிருந்தது. குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "ஐயா, நீங்க படிச்சவங்க. எனக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல? கிரேன் தலைக்கு மேல போற வேலை எனக்கு."

"ஒன்றும் ஆகாது" என்றேன். இதற்கு எந்தப் பட்டப்படிப்பும் எனக்குத் தகுதி தரவில்லை. ஆனாலும் உறுதியாகச் சொன்னேன். அவர் அதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

அங்கிருந்து நேராகச் சூப்பரின்டென்டன்ட் அறைக்குப் போனேன். தொலைந்த பொருள் புத்தகத்தை அவர் முன் விரித்து வைத்து, கிழமைகளையும் சந்துகளையும் காட்டி, தாலி என்றால் என்ன என்பதையும் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் விரைவில் புரிந்துகொண்டார்.

"அறிக்கையில் உள்ள அந்தப் பகுதி தவறு என்கிறீர்கள்."

"முழுவதும் தவறு. அதை நீக்கிவிட்டு வேறு எழுத வேண்டும். ரோந்தை உடனே திரும்ப அனுப்ப வேண்டும்."

"இது உங்களுக்கு எப்போது தெரிந்தது?"

அந்தக் கேள்விக்கு 'இன்று காலை' என்று பதில் சொல்லியிருக்கலாம். சரோஜா மறுத்துப் பேசியிருக்க மாட்டார்.

"ஒன்பது நாட்களுக்கு முன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "என் பரிந்துரை நாளை போகிறது என்பதும் தெரியும்."

"தெரியும்."

"அது நாளை போகாது."

"புரிகிறது."

"ரோந்து நாளைக் காலை அங்கே இருக்கும். திங்கட்கிழமைவரை காத்திருக்க வேண்டாம்." அவ்வளவுதான் பேசினார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நான் இன்றுவரை அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதன் பிறகு செய்தவற்றில் பெரும்பகுதி சரோஜாவின் யோசனை. நகை தொலைந்தது என்று எந்தப் பெண் வந்தாலும் கவுண்டரில் விசாரிக்கக் கூடாது. பின்னறையில், பெண் காவலர் மட்டும், கணவர் இல்லாமல் பேச வேண்டும். எந்தப் பாதை, எதிரே வந்தவர் யார், எந்தப் பக்கம் போனார் என்றுதான் கேட்க வேண்டும். எழுதும்போது 'கழுத்துச் சங்கிலி' என்று எழுதினால் போதும். அந்த ஒரு சொல்லை எவரும் உச்சரிக்க வேண்டியதில்லை. மரைக்காயர் சில நாட்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "கவுண்டர்ல ஒக்காந்து நான் இனிமே கொடைதான் எழுதணும் போல" என்றார். பிறகு அவரே, முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு வரும் பெண்களை ஒரு கேள்வியும் கேட்காமல் பின்னறைக்குக் கைகாட்டத் தொடங்கினார்.

பழைய புத்தகத்தில் இருந்த சங்கிலிகளின் விவரத்தையும் சேர்த்து அடகுக் கடைகளுக்கு அனுப்பினோம். சில வாரங்களில் ஒரு கடைக்காரர் தகவல் தந்தார். காதுக்குக் கீழே தழும்புள்ளவன் பிடிபட்டான். அவன் காட்டிக்கொடுத்ததில் மற்றவனும் பிடிபட்டான். அடையாள அணிவகுப்பில் பாக்கியம் தயங்கவே இல்லை. நேராக நடந்து போய் அவன் முன்னால் நின்றாள். அவளுடைய நகை கிடைக்கவில்லை, உருக்கிவிட்டிருந்தார்கள். இடது கையைத் தோளுக்கு மேல் அவளால் பிறகு தூக்க முடியவில்லை. ஆட்டுக்கல்லைச் சுற்ற முடியாததால் மாவாட்டுவதை விட்டுவிட்டாள். மாணிக்கத்துக்கு, நான் ஓய்வுபெற்ற நாள்வரை எனக்குத் தெரிந்தமட்டில், ஒன்றும் ஆகவில்லை.

என் பதவி உயர்வு நான்கு ஆண்டுகள் கழித்து வேறொருவர் கையொப்பத்தில் வந்தது. முதல் தமிழனாக வரவில்லை. அந்த இடத்தை அதற்குள் இன்னொருவர், தகுதியுடன், அடைந்திருந்தார்.

அறிக்கை எழுதப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஓர் எண் கூடினால் எல்லோரும் உங்களைக் கேள்வி கேட்பார்கள். நீங்களும் விழிப்பாக இருப்பீர்கள். குறைந்தால் எவரும் கேட்க மாட்டார்கள். அப்போது நீங்களே எழுந்து கவுண்டருக்குப் போய், யார் வருகிறார்கள், என்ன சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று அரைநாள் உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்குக் கீழே பணிபுரியும் ஒருவர் எழுத்தில் தர முடியாத செய்தியுடன் வந்தால் உட்காரச் சொல்லுங்கள். கேட்டபின், அன்றைக்கே மேலே சொல்லுங்கள். சரிபார்க்க வேண்டியது உண்மையிலேயே உண்டா, அல்லது உங்கள் வசதிக்காகக் காத்திருக்கிறீர்களா என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அண்மையில், ஓய்வுபெற்ற அதிகாரிகள் வெளியிட்ட ஒரு நினைவு மலரைப் பார்த்தேன். எங்கள் வட்டாரத்தைப் பற்றிய கட்டுரையில் இரண்டு செய்திகள் உள்ளன. சந்துகளின் ரோந்து என் ஆலோசனையை மீறி விலக்கப்பட்டது என்பது ஒன்று. என்மீதுள்ள அன்பினால் எழுதியிருப்பார்கள். அது சரியன்று. நான் எழுதிய இரண்டு வாக்கியங்களின் பேரில்தான் ரோந்து விலக்கப்பட்டது. நான் ஓர் ஆலோசனையும் சொல்லவில்லை.

மற்றது, பெண்கள் பின்னறைக்கு வந்து சொல்லத் தொடங்கிய அந்த அடுத்த ஆண்டைப் பற்றியது. பதிவேட்டில் எண்ணிக்கை பலமடங்கு ஏறியிருந்ததைக் கொண்டு, சிராங்கூன் சாலை வழிப்பறியில் மிக மோசமான ஆண்டு அதுவே என்று எழுதியிருக்கிறார்கள். அதுவும் சரியன்று. மிக மோசமான ஆண்டு அதற்கு முந்தையது. வழிப்பறி குறைந்துவிட்டது என்று நான் எழுதிக் கையொப்பமிட்ட ஆண்டு அது.